ஸ்விட்ச் மேல் ஒட்டிய டேப்பு

"ஹலோ... ஆங், சொல்லு கோபி... கேக்குது, கேக்குது. நீதான் வுட்டு வுட்டு பேசற... இரு, கொஞ்சம் தள்ளி வர்றேன்."

ஜெசிந்தாவால் தள்ளிப் போக முடியவில்லை. திண்டிவனத்தில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் நடை முழுக்கப் பெஞ்சு, பெஞ்சு முழுக்க ஆட்கள். அவள் அம்மா அம்சவள்ளி கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, இமைகளை இறுக்கி மூடி, மகளின் துப்பட்டா முனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா எழுந்து நின்றாள். அவ்வளவுதான் முடிந்தது.

"அம்மாவா... நல்லா இருக்காங்க. புரைதான். சொட்டு வுட்டு உக்கார வெச்சிருக்காங்க... ஆமா, ஆமா, இன்னும் டாக்டர் கூப்பிடல... சரி, அத வுடு. லீவுல இருக்கறவள நீ அம்மா சேதி கேக்கவா கூப்ட்ட. இன்னா விசயம், சொல்லு."

கோபியும் அவளும் ஒரே ஊர்க்காரர்கள். அவன் வீடு ஊரில், அவள் வீடு காலனியில். பாலிடெக்னிக்குக்கு ஒரே பஸ்ஸில் போனவர்கள். அவள் அதற்கு மேலும் படித்து, விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பார்க்கும் இன்ஜினியர் ஆனாள். அவன் தன் மச்சான் நடத்திய பட்டறையில் மேனேஜர் ஆனான்; அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துச் சின்ன விமானங்களையெல்லாம் அந்தப் பட்டறைதான் பழுது பார்த்தது. அவற்றை அங்கே எல்லோரும் வண்டி என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் கேப்டன் நடராசன்.

"ஏர்போர்ட் டவர்லேர்ந்தா. யாரு சொன்னது, டவர்ல சொன்னாங்களா, கேப்டன் சொன்னாரா... ரெண்டு பேருமா. சரி, அவங்க சொன்னத அப்டியே சொல்லு. நீ சேத்து சொல்லாத... ம்... ம்... நேத்து மூவாயிரம் அடியில போய்க்கினு இருந்த வண்டி, டவர்ல எவ்ளோ காட்டுச்சாம்... ஒன்பதாயிரமா. அப்புறம்... அப்புறம் ஒண்ணுமே காட்டல. ம். திரும்ப தானா சரியாயிடுச்சி. எந்த வண்டி அது."

பதில் வந்ததும் அவள் புருவம் சுருங்கியது.

"நீலக் கோடு போட்டதா. கோபி, அதுலதான போன மாசம் நான் புது ஜி.பி.எஸ். வெச்சிக் குடுத்தேன்."

அந்த விமானத்தில் காற்றின் அழுத்தத்தைப் பார்த்து உயரத்தைக் கணக்கிடும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அது சொல்லும் உயரம் ஒரு கொத்து ஒயர் வழியாக டிரான்ஸ்பாண்டருக்குப் போகும். டிரான்ஸ்பாண்டர் அதைத் தரையில் இருக்கும் டவருக்குச் சொல்லும். புதிதாக வந்த ஜி.பி.எஸ்.ஸுக்கும் அதே உயரம் தேவைப்பட்டது. இன்னொரு கருவி வைக்காமல் இருக்கும் ஒன்றையே இரண்டுக்கும் பங்கு போட்டார்கள். அதில் தப்பில்லை, எங்கும் செய்வதுதான். ஆனால் பங்கு போட ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு ஒயரிலும் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும் டயோடு வைக்க வேண்டும். ஜெசிந்தா அவற்றைத் தன் கையாலேயே பற்றவைத்து, ஒரு அலுமினிய டப்பாவுக்குள் அடக்கி, பேனலுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள்.

"எல்லாம் ஆன்ல இருந்தா சரியா காட்டுது. ஆமா, காட்டும். நான் அத கேக்கல. தப்பா காட்டினப்போ ஜி.பி.எஸ். ஓடிக்கினு இருந்துதா, அணைஞ்சிருந்துதா... கேப்டன் இன்னா சொன்னாரு... பிரேக்கர் ட்ரிப் ஆயி அதுவே அணைஞ்சிடுச்சா. அப்போதான் உயரம் தாறுமாறா போயிருக்கு. திரும்ப போட்டதும் சரியாயிடுச்சி. சரி."

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வேகவேகமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"கோபி, இரு. நிறுத்து. டப்பா எங்க... டயோடு டப்பா. பேனல் பின்னாடி ஸ்க்ரூ போட்டு மாட்டினேனே, அது... எனக்கு எதிர்க் கேள்வி வேணாம். இருக்கா, இல்லயா."

...

"தற்காலிகம்னா இன்னா அர்த்தம்... யாருக்கு எடுத்துக் குடுத்த... அந்த ரெட்டை இன்ஜின் வண்டி ஓனருக்கா. ஓ. அவருக்கு ஜல்தியா வேணும்னாரு, புதுசு வர்றதுக்கு லேட்டாவும், அதனால இதுலேர்ந்து புடுங்கி அதுல மாட்டிட்ட. அப்போ இதுல இன்னா பண்ண... சொல்லு. வாயத் தொறந்து சொல்லு... ஒயர ஒயரோட முறுக்கி சோல்டர் வெச்சிட்ட."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றில் முடியைக் கண்டவள் போல அவள் முகம் கோணியது. ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் அதைப் பார்த்தாள்.

அம்சவள்ளி துப்பட்டாவை இழுத்தாள். "யாருடி. நம்ம ஊரு பெரிய வூட்டுப் புள்ளயா."

"ஆமாம்மா."

"இன்னா பண்ணிட்டான்."

ஜெசிந்தா ஃபோனைக் கையால் மூடிக்கொண்டாள். "நம்ம தெருக் குழாய்ல ஒருத்தன் மோட்டார் வெச்சி இழுத்தா நம்ம வூட்டுக்கு தண்ணி வருமாம்மா."

"சொட்டு வராது."

"அதான். ஒரே குழாய்ல ரெண்டு மிஷினுக்கு பங்கு வுட்டிருக்கு. ஒண்ணு அணைஞ்சா, அது இன்னொண்ணுக்கு போறதயும் சேத்து இழுத்துக்கும். இழுக்காம இருக்க நடுவுல நான் ஒரு அடைப்பு வெச்சேன். அத கழட்டிட்டான்."

அம்சவள்ளி மூடிய கண்ணோடு யோசித்தாள். "தண்ணி வரலன்னா கொடத்தோட நிப்போம். அங்க இன்னா ஆவும்."

"ஏரோப்ளேன் எவ்ளோ ஒசரத்துல இருக்குதுன்னு தப்பா சொல்லும்."

மறுபடி ஃபோனைக் காதில் வைத்தாள். அவன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

"இல்ல, கேக்கல. அம்மாகிட்ட பேசினேன்... ஒரு நிமிசம் தப்பா காட்டினா இன்னாவா. கோபி, நீ எந்த வேலயில இருக்கற. மேகத்துக்குள்ள போற வண்டி எவ்ளோ உயரத்துல இருக்குன்னு டவர்ல இருக்கறவங்களுக்கு கண்ணுக்கா தெரியும். இந்தப் பொட்டி சொல்றததான நம்பறாங்க. பக்கத்துல பஸ் மாதிரி ஜனத்த ஏத்திக்கினு வருதே பெரிய விமானம், அதுக்கும் இதே நம்பர்தான் போவுது. இவன் ஒன்பதாயிரத்துல இருக்கான்னு நெனச்சி அவன் மூவாயிரத்துக்கு எறங்கினா... இன்னா, வானம் பெருசா. வானம் பெருசுன்னு சொல்ற. சரி."

அந்தப் பதில் அவள் வாயில் கசந்தது. துப்ப இடமில்லாமல் எச்சிலை விழுங்கினாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்... கேப்டன் சொல்லித்தானா. நெசமா... பின்ன, எதுக்கு டேப்புன்ற. இப்போ சொன்னியே, அதுக்குதான் டேப்பு ஒட்டியிருக்கேன்னு. எதுல டேப்பு ஒட்டின."

...

"ஜி.பி.எஸ். ஸ்விட்ச் மேல."

...

"மேல எழுதி வேற வெச்சிருக்கியா. இன்னான்னு... 'அணைக்காதே'ன்னு."

அவள் சிரித்தாள். பக்கத்துப் பெஞ்சில் பச்சைக் கண்மறைப்பு போட்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

"அப்போ மாட்டின அன்னிக்கே பார்த்திருக்க. அணைச்சிப் பார்த்திருக்க. உயரம் தப்பா வருதுன்னு கண்ணால பார்த்திருக்க. பார்த்துட்டு, நேரா கடைக்கி போயி டேப்பு வாங்கிக்கினு வந்திருக்க... இல்ல, நீ பேசாத. தெரியாம பண்ணியிருந்தா மடையன்னு நெனச்சிப்பேன். திட்டிட்டு வுட்டுடுவேன். நீ தெரிஞ்சி டேப்பு ஒட்டியிருக்க. ட்ரிப் ஆவுற பிரேக்கர் உன் டேப்ப படிச்சிப் பார்த்துட்டுதான் ட்ரிப் ஆவுமா... இன்னா பேஜாரு. யாருக்கு பேஜாரு."

"அம்சவள்ளி" என்று நர்ஸ் கூப்பிட்டாள். இன்னொரு முறை சொட்டு விட வேண்டும். ஜெசிந்தா ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அம்மாவின் மோவாயைத் தாங்கிப் பிடித்தாள். மருந்து விழுந்ததும் அம்சவள்ளியின் உடம்பு ஒரு தரம் உதறியது. வழிந்ததை ஜெசிந்தா துப்பட்டாவால் ஒற்றினாள். எரிகிறதா என்று கண்ணால் கேட்டாள். அம்மாவால் பார்க்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இருக்கேன், சொல்லு... நான் இன்னா சொல்லணும் கேப்டன்கிட்ட... டவர் ராடார்ல கோளாறு, நம்ம வண்டியில ஒண்ணுமில்லன்னு. நான் சொல்லணும். ஏன், நீயே சொல்லேன்... நீ சொன்னா நம்பமாட்டாரு. ஆமா, நம்பமாட்டாரு... அவரு என்ன நம்பறாருன்றதுக்காக நான் அவருகிட்ட பொய் சொல்லணுமா."

...

"புரியிது. உங்க மச்சானுக்கு தெரிஞ்சா உனக்கு கஷ்டம். புரியிது கோபி. டப்பா திரும்ப வர்ற வரைக்கும் வண்டிய தரையில நிறுத்து. யாரும் உன்ன ஒண்ணும் கேக்காத மாதிரி நான் பேசிக்கிறேன். நாளைக்கி காலையில விழுப்புரம் போயி பஸ் ஏறி வந்துர்றேன். நானே புதுசா ஒண்ணு பண்ணி மாட்டித் தர்றேன். அம்மாவுக்கு ஆபரேசன் அடுத்த வாரம்தான்... ஏன் முடியாது. இன்னிக்கி ஒரு நாள் பறக்காம இருந்தா இன்னா கொறஞ்சிடும்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்திருந்தது. ஒரே பஸ்ஸில் போன காலத்துக்குக் கொடுத்த மரியாதை அது. அந்தப் பக்கத்துக் குரல் தணியவில்லை.

"ஆமா, வேலயில சேத்து வுட்டது நீதான். இல்லன்னு யாரு சொன்னா. எங்க போனாலும் நானே சொல்றேன், கோபிதான் சேத்து வுட்டான்னு... அதுக்கும் இதுக்கும் இன்னா... இன்னா சொன்ன."

அவள் கை ஃபோனை இறுக்கியது. கண் தன்னையறியாமல் அம்மாவின் மேல் போனது.

"இன்னொரு வாட்டி சொல்லு... இல்ல, சொல்லு. யாரு சோத்துல வளந்தேன்... எங்கம்மா பக்கத்துலதான் உக்காந்துக்கினு இருக்காங்க. ஃபோன அவங்க காதுல வெக்கட்டுமா. அவங்ககிட்டயே சொல்றியா... சொல்லமாட்ட. என்கிட்டன்னா சொல்லுவ."

அம்சவள்ளியின் பிடியில் இருந்த துப்பட்டா முனை இன்னும் கொஞ்சம் சுருண்டது. கோபி வீட்டு மல்லாட்டைக் கொல்லையில், அந்த நிலக்கடலை வயலில், அவள் எத்தனையோ வருஷம் களை எடுத்தவள், காய் பறித்தவள். மகள் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டே மிச்சத்தை ஊகித்துக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

ஜெசிந்தாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளோடு ஒரே டப்பாவில் சோறு பங்கு போட்டுத் தின்றோமே என்று உடம்பு கூசியது. ஃபோனை அணைத்துவிடலாம் என்றுதான் கையை எடுத்தாள். அப்போதுதான் அவன் குரலுக்குப் பின்னால் அது கேட்டது.

"அது இன்னா சத்தம்."

...

"ஜெனரேட்டரா. கோபி, எனக்கு இன்ஜின் சத்தம் தெரியாதா. எந்த வண்டி அது... நீலக் கோடு வண்டியா. யாரு உள்ள இருக்கறது... கலைப்பிரியாவா. கூட யாரு... தனியாவா போறா."

கலைப்பிரியா கண்டாச்சிபுரத்துப் பெண். தனியாக ஓட்ட விட ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பட்டறைக்கு வந்து நின்றுகொண்டு, இந்த ஒயர் எங்கே போகிறது, அந்த முள் ஏன் ஆடுகிறது என்று கேட்டுக் குடைவாள். மற்ற மாணவர்கள் கேட்பதில்லை. அதனாலேயே ஜெசிந்தாவுக்கு அவளைப் பிடிக்கும்.

"கேப்டன் எப்டி வுட்டாரு. நேத்து அவரே உயரம் தப்பா வந்தத பார்த்திருக்காரு. என்ன கேக்காம வுடமாட்டேன்னு சொன்னாருன்னு நீதான இப்போ சொன்ன... கோபி. அவருகிட்ட இன்னா சொன்ன... என் பேர சொல்லிட்டியா."

...

"ஜெசிந்தாகிட்ட பேசிட்டேன், அவ ஒண்ணுமில்லன்னுட்டா. அப்டி சொல்லிட்ட. சொல்லிட்டு, அந்தப் பொண்ணு ஏறி உக்காந்து இன்ஜின் போட்டப்புறம், அவரு எப்பவாவது கேட்டா நான் வேற மாதிரி சொல்லிடப் போறேன்னு பயந்து, இப்போ எனக்கு ஃபோன் போட்டு எங்கம்மா கண்ண விசாரிக்கிற."

அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"ம்மா, உன் ஃபோன குடு. ஜல்தி."

அம்சவள்ளி எதற்கென்று கேட்காமல் மடியிலிருந்து பட்டன் ஃபோனை எடுத்து, குரல் வந்த திசையில் நீட்டினாள். ஜெசிந்தா தன் ஃபோனில் கேப்டன் நடராசனின் நம்பரைத் தேடி, பார்த்துப் பார்த்து அம்மாவின் ஃபோனில் அழுத்தினாள். கோபி அங்கே கத்திக்கொண்டிருந்தான். அணைக்காமல் அதை இடது காதில் வைத்தாள். பட்டன் ஃபோனை வலது காதில் வைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க சார்... ஹலோ, கேப்டன் சார், ஜெசிந்தா பேசறேன். இது எங்கம்மா நம்பர்... இல்ல சார், அத வுடுங்க, கலைப்பிரியாவ நிறுத்துங்க. நீலக் கோடு வண்டி பறக்கக்கூடாது... நான் சொல்லல சார். சத்தியமா நான் அப்டி ஒரு வார்த்தை சொல்லல. மொதல்ல நிறுத்துங்க, அப்புறம் காரணம் கேளுங்க... ஓடுதளத்துக்கு போயிட்டாளா. ரேடியோவுல சொல்லுங்க சார்... இருக்கேன். லைன்லயே இருக்கேன்."

வலது காதில் கேப்டன் யாரையோ அதட்டும் குரல் தூரத்தில் கேட்டது. இடது காதில் கோபி பேச்சை நிறுத்திவிட்டிருந்தான். அவன் மூச்சும், அதற்குப் பின்னால் இன்ஜினும் மட்டும் கேட்டன. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு போனது. தூரமாகப் போகிறதா, மேலே கிளம்பிவிட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு ஃபோனையும் காதில் அழுத்திக்கொண்டு அவள் நடையின் நடுவில் நின்றாள். யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். டாக்டர் அறையிலிருந்து யார் பெயரையோ கூப்பிட்டார்கள்.

இடது காதில் இன்ஜின் சட்டென்று தணிந்து, இரண்டு தரம் இருமி, நின்றது.

"சார்... நின்னுட்டாளா. வண்டியில இருந்து எறங்கிட்டாளா... சரிங்க சார்." அவள் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். "சொல்றேன். பங்கு போட்ட எடத்துல நான் வெச்ச டயோடு டப்பாவ கழட்டி ரெட்டை இன்ஜின் வண்டியில மாட்டியிருக்காங்க. இதுல ஒயர நேரா சேத்து வுட்டிருக்காங்க. ஜி.பி.எஸ். அணைஞ்சா உயரம் தப்பா போவும். நேத்து நீங்க பார்த்தது அதான்... ஆமா சார், தெரிஞ்சிதான். ஸ்விட்ச் மேல டேப்பு ஒட்டியிருக்கும், நீங்களே போயி பாருங்க. கலைப்பிரியாவையும் கூப்ட்டுக் காட்டுங்க. எதுக்கு நிறுத்தினோம்னு அவளுக்கும் தெரியட்டும்... ஆமா, கோபிதான். இன்னொரு ஃபோன்ல லைன்லயே இருக்கான்... நாளைக்கி வர்றேன் சார். நான் வந்து பார்க்காம அத யாரும் தொடவேணாம். ரெட்டை இன்ஜின்ல மாட்டினதயும் நான் பார்க்கணும்... வெச்சிடறேன் சார்."

பட்டன் ஃபோனை அம்மாவின் மடியில் வைத்தாள். மற்றதை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருக்கியா கோபி... கேட்டல்ல. எல்லாம் சொல்லிட்டேன். டேப்பையும் சொல்லிட்டேன்... காட்டிக் குடுத்துட்டேனா. ஆமா, காட்டிக் குடுத்துட்டேன்... சொல்லட்டும். உங்க மச்சான் என்ன வேலய வுட்டு போன்னு சொன்னா போறேன். டப்பாவ மாட்டி, ஒவ்வொண்ணா அணைச்சி அணைச்சி பார்த்துட்டு, என் டூல்ஸ எடுத்துக்கினு போறேன்... நன்றி கெட்டவதான். வெச்சிக்கோ."

அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். மூட்டை முழுவதும் கொட்டி முடியட்டும் என்பது போல, கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"முடிஞ்சிதா. இப்போ நான் சொல்றத கேட்டுக்கோ. எங்கம்மா உங்க கொல்லையில மல்லாட்டை புடுங்கினாங்க. உங்க சோத்த சும்மா துன்னல, கூலிக்கி வேல செஞ்சாங்க. வெயில்ல, குனிஞ்ச தல நிமிராம செஞ்சாங்க. மேல ஆளு நின்னாலும் செஞ்சாங்க, நிக்கலன்னாலும் செஞ்சாங்க. யாரும் பார்க்கலன்னு ஒரு நாளாவது காய மண்ணுக்குள்ள வுட்டுட்டு மேல செடிய பரப்பி மூடிட்டு வந்தாங்களான்னு உங்கப்பாவ போயி கேளு. நீ படிச்சவன், மேனேஜரு, ஒரு பொண்ணு உசுரு மேல டேப்பு ஒட்டிட்டு என்கிட்ட வந்து... ஹலோ... கோபி... ஹலோ."

ஃபோன் இருட்டாகிவிட்டிருந்தது. எந்த இடத்தில் அவன் வைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"வெச்சிட்டானா" என்றாள் அம்சவள்ளி.

"ம்."

"வெச்சா வெச்சிட்டுப் போறான்." மூடிய இமைக்கு அடியிலிருந்து மருந்தோ என்னவோ அவள் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. "நான் கேட்டுக்கினுதான இருக்கேன். நீ சொல்லி முடி."